பாயும் பந்தயமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கட்டுமர ஓட்டங்களின் வளர்ச்சியும் தேய்வும்

ஐரோப்பிய மொழிகள் தமிழிடமிருந்து பெற்ற கடன்களைக் கணக்கிட முற்படும் எவரும் 'கட்டுமரம்' என்னும் சொல்லைக் குறிப்பிடாது விடுவதில்லை. மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி எடுத்தாளப்பெறும் பெருமை அது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலே, தென்னமெரிக்கக் கரையிற் கண்ட மரமிதவைகளை விவரிக்குமிடத்து, சோழமண்டலக் கரையிலும் ஒன்றிரண்டு இலேசான மரங்களாலான மிதவைகள் உள்ளன என்றும் அவை இப்பெயரால் வழங்குகின்றன என்றும் எழுதினார். ஆங்கிலத்தில் அச்சொல் பதிவான பழைய இடங்களுள் அது ஒன்று. ஆயின், சொல் சென்ற வழியே பொருளும் சென்றதா என்று வினவுவோர் அரியர். இன்று உலகின் பாய்ப்படகுப் போட்டிகளில் அப்பெயர் பூண்டு ஓடுவது, ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்த கலமாகும். தமிழர் கட்டுமரமோ பல மரங்களை அருகருகே அடுக்கிக் கயிற்றாற் கட்டிய ஒற்றை மிதவை. இரட்டைக் கலத்தின் உண்மையான மூதாதையரைப் பசிபிக் தீவுகளின் பொலினீசிய மாலுமிகளிடையேதான் தேடவேண்டும். பெயர் வங்கக் கடலினின்றும் வடிவம் பசிபிக் கடலினின்றும் சென்று மேல்நாட்டிற் கூடின எனலாம்.

இக்கூட்டுக்கு வழிகோலியது ஒரு பந்தயம் என்பது கருதத்தக்கது. 1876ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி நியூ யோர்க்கில் நிகழ்ந்த பாய்ப்படகு ஓட்டத்திற்கு, பிறிஸ்ரல் நகரைச் சேர்ந்த நதானியேல் ஹெரெஷொவ் என்னும் இளம் பொறியியலாளர் தாமே வரைந்து கட்டிய 'அமறிலிஸ்' என்ற இரட்டையுடற் கலத்தைக் கொண்டுவந்தார். ஏனைய படகுகளை அது மிக எளிதாக முந்திச் சென்றது. தோற்றவர்கள் முறையிட்டனர். அத்தகைய கலங்கள் வழமையான போட்டிகளினின்றும் விலக்கப்பட்டன. மறு ஆண்டு ஏப்ரலில் ஹெரெஷொவ் தமது வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றாராயினும், ஓடுவதற்குப் போட்டியில்லாத கலத்தை வாங்குவோர் பெருகவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்து, 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலே 'ரொர்னாடோ' என்னும் இரட்டையுடற் கலத்திற்கு இடம் கிடைத்தபோதே அவ்விலக்கு முழுமையாக நீங்கியது. விரைவு மாத்திரம் ஒரு கலத்தைப் பந்தயத்தில் நிலைநிறுத்துவதில்லை. அதற்கென ஒரு வகுப்பும், ஒரு விதியும், விதியைக் காக்க ஒரு கழகமும் வேண்டியுள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கட்டுமர ஓட்டங்களுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்வதற்கு இந்த அயல்நாட்டுச் செய்தி பெரிதும் துணைபுரியும்.

குடாநாட்டின் கடல் ஒரு தன்மையதன்று. வடகரையிலே பருத்தித்துறை தொடக்கம் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, மயிலிட்டி, காங்கேசன்துறை வழியாக மாதகல் வரையும் கரையை ஒட்டி முருகைக்கற் பார்கள் கிடக்கின்றன. அவற்றினிடையே உள்ள ஒடுங்கிய வழிகளினூடாகவே கலங்கள் பாக்குநீரிணைக்குள் இறங்கவேண்டும். கிழக்கே மணற்காடு, நாகர்கோவில் முதலிய ஊர்களில் வங்கக் கடல் மறைப்பின்றி வந்து மணற்கரையில் மோதுகின்றது. தெற்கிலோ குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகியன ஆழங்குறைந்த கடனீரேரியை நோக்கியுள்ளன. அங்கே பல இடங்களிற் பாயினும் தாங்குகோலே மிகுதியும் பயன்படும். ஆகவே வள்ளம், வத்தை, தோணி, தெப்பம், கட்டுமரம் என்று கலங்களும் பலவாயின. சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்திற்குத் தலைமை வகித்தவரும் மரக்கலங்களின் வரலாற்றை ஆராய்ந்தவருமான ஜேம்ஸ் ஹோர்னெல், 1920இல் இந்தியக் கலங்களைப் பற்றியும் 1943இல் இலங்கைக் கலங்களைப் பற்றியும் எழுதிய ஆய்வுகள் இத்துறையில் இன்றும் முதனூல்களாக மதிக்கப்படுகின்றன. ஒரு கடல், இரு கரைகள், தொழிலாளர் உறவோ ஒன்று. எனவே வட இலங்கையின் கலங்கள் எதிர்க்கரைக் கலங்களுக்கு நெருங்கிய இனமாய் அமைந்தமை வியப்பன்று.

இவற்றுட் கட்டுமரம் அலை மோதும் கரைக்கென்றே அமைந்தது. அதற்கு உள்ளறை இல்லை. ஆதலால் நீர் நிறைந்து அமிழ்வதும் இல்லை. தலைமேல் உடையும் அலை மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும். தொழில் முடிந்ததும் கட்டவிழ்த்து மரங்களைக் கரையில் உலரவிடுவர். நீர் ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் ஓடாது. பாய் முக்கோணமானது. அதனைத் தாங்கும் பருமல், பருமலை ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் என்னும் சில உறுப்புகளே அதன் கருவிகள் அனைத்தும். பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படாமல் இருக்கப் பலகையொன்றை நீருள் இறக்குவர்; பின்னே துடுப்பினாலே திசை திருப்புவர். கருவி குறைந்த அளவிற்கு மனிதனின் பங்கு மிகும். பாயின் இறுக்கம், பலகையின் ஆழம், துடுப்பின் சாய்வு, தன் உடலின் பாரம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கவனித்துக்கொண்டு, பாதி நீரில் நின்றபடியே ஓட்டவேண்டிய கலம் அது. வேகமாக ஓடும் கட்டுமரம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வதைக் காட்டிலும் வேகமாக ஓட்டும் கை இருந்தது என்பதே பொருந்தும்.

அக்கையைப் பயிற்றியது தொழிலே. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மக்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் அறிந்திருந்தனர். விடியலிற் கரைக்கு முதலில் வந்த மீனுக்கு நல்ல விலை, பிந்தி வந்ததற்கு எஞ்சிய விலை என்பது பனிக்கட்டி எட்டாத காலத்தின் சந்தை நியதி. ஆகவே பாய் விரித்துக் கரை நோக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பந்தயமாயிற்று. கோயில் தீர்த்தத்திலும் தேவாலயத் திருநாளிலும் தைப்பொங்கலிலும் சித்திரைப் புத்தாண்டிலும் நடத்தப்பெற்ற வள்ள ஓட்டங்களும் கட்டுமர ஓட்டங்களும் இந்நாளாந்தப் போட்டியின் விழாக்கோலமே ஆகும். வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் சமுத்திர தீர்த்தம், வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயிலின் சித்திரைப் பௌர்ணமித் தீர்த்தமும் அதனையொட்டி எழும் இந்திர விழாவும் ஆகியன, ஊர் முழுவதும் கடற்கரையிற் கூடும் நாள்கள். கூட்டமும் கடலும் கலமும் ஓரிடத்தில் இருந்தமையால் ஓட்டத்தைத் தனியே 'ஒழுங்குசெய்ய' வேண்டிய தேவை மிகக் குறைவாகவே இருந்தது.

ஓட்டம் நடந்த முறையும் எளிமையானது. நங்கூரமிட்ட வள்ளமொன்று தொலைவில் எல்லையாக நிற்கும். கரையிலிருந்து மரத்தைத் தள்ளி ஏறி, எல்லையைச் சுற்றி மீள்வர். ஊரின் மூத்தோரோ சம்மாட்டியாரோ நடுவராக இருப்பர். பரிசு சிறியது, பெயர் பெரியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பல்கியபோது விழாவை நடத்தும் பொறுப்பு அவற்றிடம் சென்றது. எனினும் அக்கழகங்களின் அன்றாட ஈடுபாடு உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலுமே இருந்தது. கடலோட்டம் ஆண்டுக்கொருமுறை அழைக்கப்படும் விருந்தினராகவே நின்றது. மரத்தின் நீளம் எவ்வளவு, பாயின் பரப்பு எவ்வளவு, ஓட்டுநர் எத்தனை பேர் என்ற வினாக்களுக்கு ஊரூராக வழக்கம் இருந்திருக்கலாமேயன்றி, ஊர்கள் அனைத்தும் ஏற்ற பொதுவிதி ஒன்று உருவாகவில்லை. பொதுவிதி இல்லாதவிடத்து ஊருக்கு ஊர் மோதும் தொடர்போட்டி எழுவது அரிது. எழுந்தாலும் பிணக்கில் முடிவது எளிது. இக்குறை அக்காலத்திற் குறையாகத் தோன்றாமைக்குக் காரணம், கரை நிறையக் கலங்களும் கலம் நிறைய ஆட்களும் இருந்தமையே.

பாயோட்டும் ஆற்றலின் உச்சத்தை அறிய ஒரு பெருங்கலத்தின் வரலாற்றைக் காண்பது தகும். வல்வெட்டித்துறை கப்பல் கட்டும் துறையாகவும் விளங்கியது. அங்கு ஓடாவிமாரும் மேத்திரிமாரும் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகபட்டினம், இரங்கூன் முதலிய துறைகளோடு வாணிகம் நடத்தின. அவற்றுள் ஒன்றான, ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றிருந்தவர் அவர். கப்பற்கட்டின் நுட்பம் அறிந்தவர். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றப்பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகள் பணிபுரிய, அத்திலாந்திக்கைக் கடந்து 1938ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்தது. பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்த வேளையிலே, அக்காலத்தின் நுட்பம் குறையாது எஞ்சியிருந்த கரையொன்றிலிருந்து அது சென்றது. ஹெரெஷொவின் நாட்டிற்குத் தமிழ்ப் பெயர் சென்றதையே பலரும் பேசுவர். தமிழர் கட்டிய கலமே சென்றதை அந்த அளவிற்குப் பேசுவதில்லை.

அந்நுட்பம் வெகு விரைவிற் பயனிழந்தது. இரண்டாம் உலகப் போரும், பின்னர் விடுதலை பெற்ற இரு நாடுகளின் குடிவரவு, சுங்கச் சட்டங்களும், புகையிரதமும் பாரவூர்தியும் கரையோர வாணிகத்தை ஒடுக்கின. 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் இரு கரைகளுக்கும் இடையே எல்லைக்கோடும் வரையப்பட்டது. பாய்க்கப்பல் சென்றதோடு பெரும் பாய்களைக் கையாளும் தண்டையல் மரபு ஒழிந்தது. ஆயினும் மீன்பிடிக் கலங்களிற் பாய் நிலைத்திருந்தது. அதனை அகற்றியது இயந்திரம்.

1958ஆம் ஆண்டளவில் இலங்கை அரசு மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் கடனடிப்படையில் வழங்கப்பட்டன. நைலோன் வலை பருத்தி வலையின் இடத்தைப் பிடித்தது. அறுபதுகளிலிருந்து கண்ணாடியிழைப் படகும் புறப்பொருத்து இயந்திரமும் பரவின. மயிலிட்டி முதலிய துறைகள் இதனாற் செழித்தன என்பதை மறைத்தல் ஆகாது. இயந்திரம் கடற்றொழிலாளனுக்குத் தூரத்தைத் தந்தது, காற்றின்மையால் நடுக்கடலில் நிற்கும் துன்பத்தை நீக்கியது, உயிரிழப்பையும் குறைத்தது. 1964 டிசம்பரில் தனுக்கோடியை அழித்த புயல் வட இலங்கைக் கரைகளையும் தாக்கியபோது, விரைந்து கரைசேரும் கலத்தின் அருமை எவருக்கும் விளங்கியிருக்கும். பாயின் அழகை மெச்சுவோர், பாயோடு வாழ்ந்தவர் அதனை ஏன் மகிழ்ச்சியோடு கைவிட்டார் என்பதையும் எண்ணவேண்டும். ஆனால் ஒன்று உண்மை. தந்தை பாய் பிடித்தார். மகன் இயந்திரக் கயிற்றை இழுத்தான். விழா நாளிலே கட்டுமர ஓட்டத்திற்கு ஆள் தேடவேண்டிய நிலை அந்தத் தலைமுறையிலேயே கருக்கொண்டது.

ஆகவே பங்குபற்றுவோர் அருகியமைக்குப் போரை மாத்திரம் காரணம் காட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தேய்வு போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. போர் செய்தது, எஞ்சியிருந்ததைத் துண்டித்தமையே. 1983ஆம் ஆண்டிற்குப் பின் கடலிற் பல இடங்கள் தடைசெய்யப்பட்டன. கலங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. 1990இல் வலிகாமம் வடக்கின் கரையோர மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். மயிலிட்டித் துறை 2017 ஜூலை மாதத்திலேயே மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் என்பது ஒரு தொழிற்பயிற்சி முழுவதையும் விழுங்கப் போதுமான காலம். ஊரைவிட்டுச் சென்றபோது பத்து வயதாயிருந்த சிறுவன், கரைக்குத் திரும்பியபோது முப்பத்தேழு வயதினன். இதற்கிடையில் ஒரு முரண்நிகழ்வும் உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, இயந்திரம் ஓய்ந்தது. துடுப்பும் தாங்குகோலும் பாயும் மீண்டும் கைக்கு வந்தன. வறுமையால் வந்த மீட்சி அது. தடை நீங்கியதும் நீங்கிற்று. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையைச் சூறையாடியபின் உதவியாக வந்த கலங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. போர் 2009இல் முடிந்து கடல் திறக்கப்பட்டபோது கரையில் மரம் அரிதாகியிருந்தது. மரத்தைக் கட்டத் தெரிந்தவர் முதியோராயிருந்தனர்.

கடலோட்டத்தின் மற்றொரு குறை, அது தன் பெயரைப் பதிந்துவைக்கவில்லை என்பது. இதே கரையின் நீச்சல் வரலாற்றோடு ஒப்பிடுங்கால் இது தெளிவாகும். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். எடுத்த நேரம் ஏறத்தாழ 27 மணி. வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்குச் சென்று நில்லாது மீண்டும் நீந்தி வந்தார். 'ஆழிக்குமரன்' என்று மக்களாற் போற்றப்பட்ட அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். இவர்களுடைய ஆண்டும் தூரமும் நேரமும் ஏட்டில் உள்ளன. அதே தலைமுறையில் அதே கரையிற் கட்டுமரம் ஓட்டி முதலிடம் பெற்றோரை அவர்தம் ஊரவர் அறிவர், அவ்வளவே. நீச்சலை அளக்க மணிக்கூடும் சாட்சியும் போதும். படகோட்டத்தை அளக்கவோ கலத்தின் அளவும் விதியும் ஓட்டத்தின் எல்லையும் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதப்படாத வெற்றி அதைக் கண்டவரோடு மறைகின்றது.

காற்றோடு விளையாடும் கலை அந்த ஊரில் அழிந்துவிட்டது என்றும் கூறமுடியாது. வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டி, போருக்குப் பின் ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. கப்பல், பறவை, யானை என்று இளைஞர் புதிது புதிதாகக் கட்டி வாடைக்காற்றில் ஏற்றுகின்றனர். மூங்கிலை வளைத்தல், நூலின் இறுக்கத்தாற் காற்றை அளத்தல், கூட்டாக இழுத்தல் ஆகியன ஓடாவியும் தண்டையலும் அறிந்த நுட்பங்களுக்கு அண்மையானவை. பட்டம் நிலைத்து, பாய் நிலையாமைக்குக் காரணம் தேடுவது பயனுள்ளது. பட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் வீட்டு முற்றத்திற் புதிதாகக் கட்டலாம்; செலவு சிறிது; தொழிலோடு அதற்குத் தொடர்பில்லை, ஆகவே தொழில் மாறினாலும் அது மாறவேண்டியதில்லை. அன்றியும் அதற்கென நாளும் நடுவரும் பரிசும் உள்ளன. கட்டுமர ஓட்டமோ தொழிலின் நிழலாக இருந்தது. தொழிலிலே பாய் வீழ்ந்தபோது நிழலும் வீழ்ந்தது.

தொழிலைவிட்டுப் பிரிந்தும் படகோட்டம் வாழ முடியும் என்பதற்குப் பிற நாடுகளிற் சான்றுகள் உள. கேரளத்தின் சுண்டன் வள்ளம் பண்டுதொட்டே மீன்பிடிக் கலமன்று. ஊரவர் பொருள் சேர்த்துக் கட்டி, ஊரின் பெயராற் காக்கும் கலம் அது. 1952இல் ஜவகர்லால் நேரு ஆலப்புழைக்கு வந்ததையொட்டி எழுந்த நேரு கிண்ண ஓட்டம் இன்றும் தொடர்கின்றது. அதன் உயிர்நாடி படகுக் கழகங்களே. நூற்றுக்கு மேற்பட்ட துடுப்பாளரை வாரக்கணக்கில் ஊட்டிப் பயிற்றுபவை அவை. யாழ்ப்பாணத்திற்கு இன்னும் பொருத்தமான சான்று பகாமாத் தீவுகள் ஆகும். அங்கும் ஓடியவை உழைக்கும் பாய்க்கலங்கள். அங்கும் இயந்திரம் வந்து அவற்றை அகற்றத் தலைப்பட்டது. அவ்வேளையில், 1954ஆம் ஆண்டு, எக்சூமாத் தீவின் ஜோர்ஜ் ரவுண் துறையில் உழைப்புக் கலங்களுக்கென ஓர் ஆண்டுப் போட்டி தொடங்கப்பட்டது. கலம் அந்நாட்டிலேயே மரத்தாற் கட்டப்பட்டிருக்கவேண்டும், உரியவரும் ஓட்டுபவரும் அந்நாட்டவராயிருக்கவேண்டும், பாய் துணியாலானதாக இருக்கவேண்டும் என்பன அதன் விதிகள். மீன்பிடியிலே பாய் மறைந்தபின்னும் அவ்விதிகளின் காவலிற் போட்டிக்கலம் வாழ்கின்றது. துபாயில் 1991இல் தொடங்கிய அல் கவ்வால் ஓட்டமும் இத்தகையது. முத்துக்குளிக்கும் பருவம் முடிந்து வீடு திரும்பிய பழங்கலங்களின் நினைவாக, 60 அடி மரக்கலங்கள் சேர் பு நுஐர் தீவிலிருந்து பாய்விரித்து வருகின்றன. அதற்குப் பின்னிற்பது அரச குடும்பத்தின் பெருஞ்செல்வம். பகாமா ஊர்களுக்கு அத்தகைய செல்வம் இல்லை. விதியை எழுதும் மனம் இருந்தது. யாழ்ப்பாணக் கரை பகாமாவுக்கு நிகரான நிலையில் 1958 வரை இருந்தது என்பதை எண்ணும்போது, தவறிய வாய்ப்பின் அளவு புலப்படும்.

பங்குபற்றுவோர் குறைதல் ஏழைக் கரைகளுக்கே உரிய நோயும் அன்று. அமெரிக்காவில் ஹோபி அல்ற்றர் 1968 அளவிற் கடற்கரை மணலிலிருந்தே தள்ளி இறக்கக்கூடிய மலிவான இரட்டைக்கலத்தை உருவாக்கியபோது, இளைஞர் பெருந்தொகையாக அதனை நாடினர். தொடர்ந்து வந்த 'ஹோபி 16' இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. எல்லாக் கலங்களும் ஒரே அளவினவாதலால் வென்றவனின் திறமையைக் கலத்தின்மீது சாற்ற வழியில்லை. அவ்விளையாட்டின் வெற்றிக்கு அதுவே அடிப்படை. பின்னர் விரைவை நாடிப் புதுப்புது வகுப்புகள் எழ, கழகங்களிற் பழைய கூட்டம் சிதறியது. ஒலிம்பிக்கிலே 'ரொர்னாடோ' 2008 பெய்ஜிங்கோடு நிறுத்தப்பட்டது; 2012 இலண்டனில் இரட்டைக்கலத்திற்கு இடமே இல்லை. 2016 றியோவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தோட்டும் 'நக்ரா 17' வந்தபோதே அது மீண்டது. 2013இல் அமெரிக்கக் கிண்ணத்தில் ஓடிய 72 அடி இரட்டைக்கலங்கள் நீர்மேல் எழுந்து பறந்தன, உலகம் வியந்தது. அவற்றை வாங்கவும் ஓட்டவும் வல்லோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். கலத்தின் விலை ஏற ஏறக் கரையில் நிற்போர் தொகை பெருகி, கலத்தில் ஏறுவோர் தொகை சுருங்குகின்றது.

இவற்றை நோக்கும்போது, குடாநாட்டில் கட்டுமர ஓட்டத்தை மீட்க விழையும் கழகம் எதுவாயினும் சில வினாக்களுக்கு முதலில் விடைகாண வேண்டியிருக்கும். முதலாவது, எக்கலம் என்பது. பழைய முறையில் மரம் கட்ட வேண்டிய இலேசான பெருமரங்கள் குடாநாட்டில் விளைவதில்லை, வெளியிலிருந்து வருதல் வேண்டும், விலையும் மிகுதி. கண்ணாடியிழைத் தெப்பத்தையே ஏற்று, அதன் நீளத்தையும் பாயின் பரப்பையும் வரையறுத்தால் ஊர்கள் பலவும் சேர முடியும். பழமை விரும்புவோர் இதனை ஏற்கத் தயங்குவர். ஆயினும் கலம் கட்டும் கலையைக் காப்பதும் கலம் ஓட்டும் கலையைக் காப்பதும் வேறுவேறான இரண்டு பணிகள். முன்னதற்கு ஓரிரு மரங்களை முதிய ஓடாவிமார் கையாற் கட்டுவித்து அளவெடுத்து வைத்தல் போதும். பின்னதற்கோ கலங்கள் பல வேண்டும், அவை ஒத்த அளவின ஆகவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பினால் இரண்டும் கைகூடா.

இரண்டாவது, பருவம். வடகிழக்குப் பருவக்காற்று ஓங்கும் கார்த்திகை, மார்கழியில் வடகரையில் ஓட்டம் இயலாது. தைப்பொங்கலிற் காற்று உண்டு, கடலும் கொந்தளிக்கும். பட்டத்திற்கு உகந்த காற்று பழகாத கைக்குப் பாயாகாது. பங்குனி, சித்திரையிற் கடல் அடங்கும். இந்திர விழா சித்திரைப் பௌர்ணமியில் அமைந்தது இவ்வகையில் நல்ல பொருத்தம். கடனீரேரி ஊர்களுக்குச் சோளகக் காலமே ஏற்றது. அங்கே அலை சிறிது, காற்று நிலையானது, விழுந்தாலும் பெரும்பாலான இடங்களில் நிலம் எட்டும். பயிற்சியை அங்கே தொடங்கிப் போட்டியை வடகரையில் நடத்துவது அறிவுடைமையாகும். காப்புப் படகும் மிதவைச் சட்டையும் இல்லாது எந்த அதிகாரியும் இன்று அனுமதி தரமாட்டார், தருதலும் தகாது. பழைய ஓட்டங்களில் அவை இருந்தனவா என்று கேட்பவர், அக்காலத்தில் ஓடியவர் நாள்தோறும் அக்கடலிலே கிடந்தவர் என்பதை மறந்தவராவர்.

மூன்றாவதும் கடினமானதும் ஆள் பற்றியது. கடற்றொழிலாளர் பிள்ளைகள் கல்வியாலும் புலப்பெயர்வாலும் கடலைவிட்டு அகலுகின்றனர். அகல்வதைப் பெற்றோர் விரும்புகின்றனர். எல்லை தாண்டிவரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலையிழந்து கடன்பட்ட குடும்பமொன்று தன் மகனைப் பாய்பிடிக்கப் பழகு என்று சொல்லும் என எதிர்பார்த்தல் அறியாமை. கடற்றொழிலோடு பிறப்பால் தொடர்பில்லாத மாணவரும் கடலில் இறங்கினாலன்றிக் கழகத்திற்கு உறுப்பினர் சேரார். இங்கே சாதியின் பழைய வேலி குறுக்கிடுகின்றது. கடல் ஒரு சாராருக்குரிய இடம் என்று விலகி நின்ற குடாநாட்டுச் சமூகம், அக்கடலிற் பிறந்த சொல்லை மாத்திரம் அனைவருக்கும் பொதுவான பெருமையாக எடுத்துக்கொண்டது. உள்ளூரிலே பாடசாலை விளையாட்டுகளில் உதைபந்தும் துடுப்பாட்டமும் பெற்ற இடத்தைப் படகோட்டம் ஒருபோதும் பெறாமைக்கு இவ்விலகல் ஒரு காரணமென்று கொள்ளலாம். பெண்களின் நிலையும் அவ்வாறே. கரையில் மீன் பிரிக்கவும் விற்கவும் உழைத்த பெண்டிர் கலத்தில் ஏறுதல் வழக்கமன்று. ஒலிம்பிக்கில் இரட்டைக்கலத்தை மீட்டதோ ஆணும் பெண்ணும் சேர்ந்தோட்டும் வகுப்பு.

பயிற்றுவோரைப் பொறுத்தவரை காலம் குறுகியது. இயந்திரம் வருமுன் பாய் பிடித்துப் பழகியவர்கள் இன்று எண்பதை அணுகினர் அல்லது கடந்தனர். எரிபொருள் தடைக்காலத்தில் வேறு வழியின்றிப் பாயேற்றியவர்கள் ஐம்பதிலும் அறுபதிலும் உள்ளனர், கடலுக்கும் செல்கின்றனர். அவர்கள் தாங்கள் அறிந்ததை ஒரு கலையென்று கருதுவதில்லை, துன்பகாலத்தின் செயலென்றே கருதுகின்றனர். தாமானை எவ்வளவு இறுக்குவது, பார் வழியில் நுழையும்போது எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது, சோளகம் கச்சானாக மாறும் முன் நீரின் நிறம் எவ்வாறு திரியும் என்பன அவர்களிடமே கேட்டறியத்தக்கவை. தமிழ்த்துறையினரும் புவியியல், வரலாற்றுத் துறையினரும் கரையோரச் சொற்களைத் திரட்டும்போது, சொல்லோடு நில்லாது செயலையும் அளந்து எழுதுவார்களாயின், பொதுவிதி வரையப் புகும் கழகத்திற்கு அவ்வேடே முதற் கையேடாகும்.